ஈரக் காற்றும் குளியலறை விசிறியும்

குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்க வேண்டுமென்று பாரிமுனையிலோ திருவொற்றியூர்த் தேரடியிலோ உள்ள மின்சாமான் கடையில் போய் நிற்பவரைப் பார்த்துக் கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை இஞ்சு சார்?" என்பதாகும். ஆறா, எட்டா, பத்தா என்று அவர் கேட்பது சுவரிலோ வென்டிலேட்டரிலோ உள்ள துவாரத்தின் அளவைப் பற்றியதேயன்றி அந்த அறையில் தங்கும் ஈரத்தைப் பற்றியது அன்று; வந்தவரும் துவாரத்தின் அளவைச் சொல்லி, விலையைப் பேசி, பெட்டியைக் கையில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார். சில மாதங்கள் கழித்து, விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே, கூரையின் மூலைகளிலும் டைல்ஸ் இடுக்குகளிலும் கறுப்புப் புள்ளிகள் மறுபடியும் தலைகாட்டும்போது, கம்பெனி சரியில்லை என்று தீர்மானித்து, அடுத்த முறை இரண்டு இஞ்சு பெரிதாக வாங்குகிறார். கம்பெனியின் மீதும் குற்றம் இருக்கக்கூடும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. விசிறி எவ்வளவு காற்றை வெளியே தள்ளும் என்பதை மட்டும் யோசித்து, அதற்கு ஈடாக உள்ளே வரப்போகும் காற்று எப்படிப்பட்டது, எந்த வழியாக வருகிறது, எந்த வேளையில் வருகிறது என்பவற்றை யோசியாமல் விடுகிறோம். கடலை ஒட்டிக் கிடக்கும் வட சென்னையில், குறிப்பாக விம்கோ நகர் போன்ற ஒரு பேட்டையில், இந்த இரண்டாவது கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

இந்தப் பேட்டைக்குப் பெயர் கொடுத்தது, ஈரத்தைக் கண்டால் ஆகாத ஒரு பண்டத்தைச் செய்த ஆலை. ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டிக் கம்பெனியார் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. அதன் சுருக்கப் பெயரான விம்கோ, சுற்றிலும் எழுந்த குடியிருப்புக்கும், ரயில் நிலையத்துக்கும், 2021-இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது. அதே 1923-இல், கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள் என்பதும், சிவகாசியின் வறண்ட சீதோஷ்ணம் அத்தொழிலுக்கு எத்தகைய ஒத்தாசையாக அமைந்தது என்பதும் யாவரும் அறிந்ததே. விம்கோ நகருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கிழக்கே வங்காள விரிகுடா நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. வடக்கே எண்ணூர்க் கழிமுகம். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் மணலியின் சதுப்பும். மூன்று திசையிலும் நீர் சூழ்ந்த இந்தப் பிரதேசத்தில் தீப்பெட்டியை மட்டுமல்லாமல் உப்பு ஜாடியையும் பிஸ்கட் டப்பாவையும் மூடி வைக்காவிட்டால் என்னவாகும் என்பதை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்தச் சமையற்கட்டும் சொல்லிவிடும்.

காற்றில் உள்ள ஈரத்தைப் பௌதிக சாஸ்திரிகள் இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் நீராவி இருக்கிறது என்பது ஒன்று. அந்த உஷ்ணநிலையில் அக்காற்று தாங்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை சதவீதத்தை அது ஏற்கெனவே நிரப்பிக்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று. பின்னதையே சார்பு ஈரப்பதம் என்கிறோம். காற்று சூடாக ஆக அதன் கொள்ளளவு வேகமாக ஏறுகிறது: 5 டிகிரி செல்சியஸில் ஏழு கிராமுக்கும் குறைவாகவே கொள்ளும் ஒரு கன மீட்டர், 20 டிகிரியில் 17 கிராமும், 25-இல் 23 கிராமும், 30-இல் 30 கிராமும், 35-இல் ஏறத்தாழ 40 கிராமும் கொள்ளும். குளியலறையை உலர்த்துவது என்பது, உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் இன்னும் எத்தனை கிராமுக்கு இடம் இருக்கிறதோ அந்த இடத்தில் ஈரத்தை ஏற்றி வெளியே அனுப்புவதுதான். விசிறி அந்தப் போக்குவரத்தை நடத்தும் யந்திரம் மாத்திரமே.

இப்போது லண்டனில் மார்கழி மாதத்துக் குளியலறையை எண்ணிப் பாருங்கள். வெளிக்காற்று 5 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தோடு, பார்வைக்கு மிக ஈரமானதாகத் தோன்றினாலும், அதில் இருப்பது கன மீட்டருக்கு ஆறு கிராமுக்கும் குறைவு. அது வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடேறியவுடன் அதன் ஈரப்பதம் 33 சதவீதத்துக்கு விழுந்து, மேலும் பதினொரு கிராமுக்குமேல் ஏற்றிக்கொள்ளச் சித்தமாகிவிடுகிறது. ஆகவே அந்த ஊரில் விசிறியைப் போட்டாலே அறை உலரும். வெளிக்காற்று எப்போதும் வறண்ட துணைவன். அங்கே எழுதப்படும் விதிகளும், அங்கே உருவாகி இங்கே விற்பனைக்கு வரும் நூதன விசிறிகளும், இந்த ஓர் அனுமானத்தின் மீது நின்று செய்யப்பட்டவை.

விம்கோ நகரில் சாதாரணமான ஒரு காலையில், 30 டிகிரியும் 75 சதவீதமும் இருக்கும் காற்றில் ஏற்கெனவே 23 கிராம் நீராவி ஏறியிருக்கிறது. காலியாக உள்ள இடம் ஏழரை கிராம்தான். கார்த்திகை மழையின் ஓர் இரவில், 26 டிகிரியும் 92 சதவீதமுமாக இருக்கும்போது, அந்த இடம் இரண்டு கிராமுக்குச் சுருங்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் 35 டிகிரியும் 55 சதவீதமுமான மத்தியான வேளையிலோ அது பதினெட்டு கிராமாக விரிகிறது. கவனிக்கத் தக்கது என்னவென்றால், மழை இரவுக் காற்றிலும் கோடை மதியக் காற்றிலும் உள்ள நீராவியின் நிறை ஏறத்தாழ ஒன்றேதான், 22 கிராமை ஒட்டியதே; மாறுவது வெப்பமும், அதனால் உண்டாகும் காலியிடமுமே. ஆதலால் இவ்வூரில் ஒரு விசிறியின் உலர்த்தும் சக்தி, அதன் மோட்டாரைப் பொறுத்ததைக் காட்டிலும், அது ஓடும் வேளையைப் பொறுத்தது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்தடிக்கு ஏழடி என்பது இப்பகுதியின் அடுக்குமாடிகளில் சாதாரணமாகக் காணும் குளியலறை. குளித்து முடித்தபின் அதன் தரையில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனத்துக்கு நீர்ப்படலம் தங்கியிருப்பதாகக் கொண்டால், அது 650 கிராம் நீர். சுவரில் தெறித்தது தனி. மணிக்கு 100 கன மீட்டர் காற்றை உண்மையாகவே வெளியேற்றும் விசிறி ஒன்று இருக்குமானால், சித்திரை மதியத்தில் இருபத்திரண்டு நிமிஷத்திலும், சாதாரணக் காலையில் ஐம்பத்திரண்டு நிமிஷத்திலும், கார்த்திகை இரவில் மூன்றேகால் மணி நேரத்திலும் அந்த நீர் வெளியேற வேண்டும். வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். உலரும் நீர் தரையின் வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு அதைக் குளிரச் செய்வதாலும், காற்று முழுதாக நிறைந்துதான் வெளியேறும் என்ற நிச்சயம் இல்லாததாலும், நடைமுறையில் இதைப்போல் இரு மடங்கு நேரம் பிடித்தாலும் வியப்பதற்கில்லை. குளித்துவிட்டு வெளியே வந்து, தலை துவட்டும் வரையில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு ஸ்விட்சை அணைக்கும் நமது வழக்கம், நாற்றத்தைப் போக்கப் போதுமானதாக இருக்கலாம். பூஞ்சணத்தைத் தடுக்க அது எள்ளளவும் பிரயோஜனப்படாது.

இந்தக் கணக்கிலிருந்து தானே விளங்கும் ஒரு விஷயத்தை, விசிறி வியாபாரிகள் மன்னிப்பார்களாக, இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரப்பர் பட்டை வைத்த வைப்பர் கட்டையால் தரையையும், கையெட்டும் வரை டைல்ஸ் சுவரையும் ஒரு முறை தள்ளிவிட்டால், அந்த 650 கிராமில் பெரும் பகுதி அரை நிமிஷத்தில் சாக்கடைக் குழிக்குள் போய்விடும். அதை ஆவியாக்கி ஆகாய மார்க்கமாக அனுப்பும் தொல்லை விசிறிக்கு மிச்சம். அதற்கு மின்சாரம் வேண்டாம். கடற்காற்றின் ஈரப்பதம் பற்றிய விசாரமும் வேண்டாம். இதைச் செய்யாத வீட்டில் எத்தனை பெரிய விசிறியும் அரைகுறையாகவே வேலை செய்யும். செய்கிற வீட்டில் சின்ன விசிறியே போதும்.

பூஞ்சணம் என்பது வெளியிலிருந்து நாம் அழைத்து வரும் விருந்தாளி அன்று. அதன் வித்துத் துகள்கள் எந்தக் காற்றிலும் மிதந்துகொண்டே இருக்கின்றன. ஆஸ்பர்ஜில்லஸ், கிளடோஸ்போரியம் முதலிய இனங்கள் உலகத்தில் இல்லாத இடமே இல்லை என்று சொல்லலாம். அவற்றுக்கு ஆகாரமும் நம் குளியலறையில் குறைவில்லை: சோப்பின் கழிவு, உடம்பிலிருந்து உதிரும் தோல், பெயிண்டைப் பிடித்து நிற்கச் செய்யும் பசைப்பொருள் ஆகிய எல்லாம் அவற்றுக்கு உணவே. அவற்றை இதுவரை முளையாமல் நிறுத்தி வைத்திருப்பது ஈரமின்மை ஒன்றே. சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நிலைத்தால் அவை முளைக்கின்றன. நனைந்த பரப்பு ஒன்று இரண்டு நாளுக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் முளைப்பதில்லை. அறையின் நடுவில் உள்ள காற்று எப்படி இருக்கிறது என்பதைவிட, சுவர்த் தோலின் மேல் ஒட்டியிருக்கும் காற்று எப்படி இருக்கிறது என்பதே முக்கியம் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். இதைப் பின்னால் உபயோகிக்கப் போகிறோம்.

நம் பழைய வீடுகளில் இத்தொல்லை குறைவாக இருந்ததற்குக் குளியலறை பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் வெயில்பட இருந்தது ஒரு காரணம். சுண்ணாம்பு மற்றொரு காரணம். புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் உயிர் வாழாது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு சேரச் சேர அந்தக் காரம் மெல்லத் தணிந்துவிடும். ஆகையால் வருஷந்தோறும் போகிக்கு முன் வெள்ளையடித்தது, அழகுக்காக மட்டும் செய்த காரியமாகத் தோன்றினாலும், பூஞ்சணத்துக்கு எதிராக வருஷத்துக்கொரு முறை போட்ட மருந்தாகவும் இருந்தது. இன்றைய அக்ரிலிக் பெயிண்டில் அந்தக் காரமும் இல்லை. மேலே சொன்ன பசைப்பொருள் வேறு இருக்கிறது.

பூஞ்சணத்தை வெறும் அழுக்கு என்று தள்ளிவிடுவதும் சரியன்று. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்குச் சுவாசக் கோளாறுகளும் ஆஸ்துமாவும் மிகுதியாக ஏற்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் கூறியிருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்ததற்குக் காற்றோட்டமில்லாத குடியிருப்பில் நெடுநாள் பூஞ்சணத்தோடு வாழ்ந்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புரைத்தார். அதன் பின் வாடகைக் குடியிருப்புகளைப் பற்றிய சட்டமே அந்நாட்டில் திருத்தப்பட்டது.

இனி விசிறியைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். அளவைப் பற்றிய கவலை உண்மையில் மிகச் சிறியது. ஐந்துக்கு ஏழு, ஒன்பதடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்பது கன மீட்டர். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை அதன் காற்று மாற வேண்டுமென்றால் 90 முதல் 110 கன மீட்டர் போதும். அமெரிக்கரின் விதி நிமிஷத்துக்கு 50 கன அடி என்கிறது; அது மணிக்கு 85 கன மீட்டர். ஆங்கிலேயரின் விதி விநாடிக்கு 15 லிட்டர் என்கிறது; அது 54 கன மீட்டரே. நம் கடைகளில் கிடைக்கும் ஆறு இஞ்சு விசிறியின் பெட்டியில் மணிக்கு இருநூறு கன மீட்டருக்கு மேலேயே அச்சிட்டிருக்கும். ஆகவே ஆறு இஞ்சு தாராளமாகப் போதும். எட்டும் பத்தும் சமையலறைக்கு உரியவை. ஆனால் பெட்டியில் அச்சிட்ட அந்த எண், முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் அளந்தது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

விசிறி வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஈடாக ஒரு கன மீட்டர் உள்ளே வந்தாக வேண்டும். அது வருவதற்குரிய வழி பெரும்பாலும் கதவின் அடியில் உள்ள இடைவெளி. நம் வீடுகளில் குளியலறைத் தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்கக் கரை கட்டி, அதன் மேல் பி.வி.சி. கதவை இறுக்கிப் பொருத்திவிடுகிறோம். இடைவெளி அரை அங்குலம் இருந்தால் அதிகம். இரண்டரை அடி அகலமுள்ள கதவின் கீழ் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி வழியாக மணிக்கு 100 கன மீட்டர் காற்றை இழுக்கச் சுமார் 11 பாஸ்கல் அழுத்தம் வேண்டியிருக்கிறது. 250 கன மீட்டரை இழுக்கவோ அறுபது பாஸ்கலுக்கு மேல் வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான சிறிய இறக்கை விசிறிகளின் முழுச் சக்தியுமே பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. எனவே கதவடி இறுக்கமான அறையில் எட்டு இஞ்சு விசிறியை மாட்டினாலும் அது ஆறு இஞ்சு விசிறி இழுக்கும் காற்றையே ஏறக்குறைய இழுத்துக்கொண்டு, சத்தத்தை மாத்திரம் கூட்டும். கதவின் அடியில் ஓர் அங்குலம் விடுவதோ, கதவின் கீழ்ப்பலகையில் சாய்வுப் பட்டைகள் கொண்ட ஜன்னல் ஒன்றை வைப்பதோ, இரண்டு இஞ்சு பெரிய விசிறி வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

இதற்கு நேர் எதிரான ஒரு பிழையும் நம்மிடையே வெகு சாதாரணம். பழைய வென்டிலேட்டர்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகிய கண்ணாடிப் பட்டைகளில் மேலே உள்ள இரண்டு மூன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையோ பிளைவுட்டோ வைத்து, அதில் வட்டமாக வெட்டி விசிறியை மாட்டுகிறார் எலக்ட்ரீஷியன். கீழே உள்ள பட்டைகள் திறந்தபடியே இருக்கின்றன. விசிறிக்கு அடுத்தாற்போல் ஓர் அடி தூரத்தில் வெளிக்காற்று தாராளமாகக் கிடைக்கும்போது, அது எதற்காக ஏழடி தூரத்தில் உள்ள கதவிலிருந்து காற்றை இழுக்கப் போகிறது? கீழ்ப்பட்டை வழியாக உள்ளே வந்த காற்று மேலே உள்ள விசிறி வழியாக அப்படியே வெளியேறிவிடுகிறது. குளிக்கும் மூலையும், கதவுக்குப் பின்னுள்ள சுவரும், பூஞ்சணம் முளைக்கும் கூரை முனைகளும் இந்தச் சுழற்சிக்கு அப்பாலேயே நின்றுவிடுகின்றன. விசிறி ஓடும்போது மற்ற பட்டைகளை மூடிவிட வேண்டும். அறையின் எல்லா இடமும் அலசப்படும்படி, காற்று வரும் வழியும் போகும் வழியும் எதிரெதிர் முனைகளில் அமைய வேண்டும் என்பதே இதில் உள்ள ஒரே நியதி. அது நிறைவேறுகிறதா என்று அறிய ஊதுபத்தி ஒன்றே போதும்: விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்தி, கதவடியில் வெளிப்பக்கமாக ஊதுபத்தியைக் காட்டினால், புகை உள்ளே விரைந்து இழுக்கப்பட வேண்டும். அது நேரே மேலெழுந்து போகுமானால் காற்று வேறெங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.

வெளியேறும் பக்கத்திலும் இரண்டு தடைகள் உண்டு. அடுக்குமாடிகளில் குளியலறைகள் எல்லாம் ஒரே செங்குத்தான டக்டை நோக்கித் திறந்திருக்கும். மேலே கூரை மூடப்பட்டிருந்தால் அங்கே காற்று நகர்வதில்லை. ஒரு வீட்டார் தள்ளிய ஈரமும் நாற்றமும் அடுத்த வீட்டாரின் விசிறி நின்றிருக்கும்போது அவர்கள் அறைக்குள் புகும். விசிறி நின்றவுடன் தன் கனத்தாலேயே விழுந்து மூடிக்கொள்ளும் பட்டைகளுள்ள மூடி இருந்தால் இது பெருமளவு குறையும். கிழக்குப் பார்த்த வெளிச்சுவரில் விசிறி வைப்பவர்களுக்கு வேறு கஷ்டம். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசும் கடற்காற்று, சுவரின் மேல் ஏறத்தாழ 40 பாஸ்கல் அழுத்தத்தைப் போடுகிறது. முன்னே சொன்ன சிறு விசிறியின் பலத்துக்கு அது சமமான எதிராளி. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாட்களில் விசிறி சுழன்றும் காற்று உள்ளேயே திரும்பி வருவதைச் சிலர் கண்டிருப்பார்கள். கூடுமானால் மேற்கிலோ தெற்கிலோ திறப்பு வைப்பதும், இயலாவிட்டால் வெளிப்புறத்தில் காற்றுத் தடுப்புக் குடையொன்று பொருத்துவதும் உசிதம். நீளமான குழாய் வழியாகக் காற்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தாலோ, சாதாரண இறக்கை விசிறி உதவாது. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் மையவிலக்கு விசிறியையே வாங்க வேண்டும்.

ஈரத்தை உணர்ந்து தானே ஓடித் தானே நிற்கும் விசிறிகள் இப்போது விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குமுன் ஒரு கணம் நிதானிப்பது நல்லது. காற்றின் ஈரப்பதம் 60 அல்லது 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிற்கும்படி அமைக்கப்பட்ட அந்தக் கருவி, வெளிக்காற்றே 75 சதவீதத்தில் நிற்கும் விம்கோ நகரில் வருஷத்தின் பெரும் பகுதி நிற்கவே நிற்காது. உள்ளே இழுக்கிற காற்றைவிட வறண்ட காற்றை எந்த விசிறியாலும் சிருஷ்டிக்க முடியாதல்லவா? அதைக்காட்டிலும், ஸ்விட்சை அணைத்த பின்னும் ஒரு மணி நேரம் ஓடி நிற்கும் டைமர் உள்ளது சிலாக்கியம். காலையில் எல்லாரும் குளித்து முடித்தபின், வெயில் ஏறி, கடற்காற்று புகுவதற்கு முன் உள்ள முற்பகலில் அது ஓடுமானால் இன்னும் விசேஷம். கோடையில் அந்த வேளையில் மேற்கிலிருந்து வருவது வறண்ட தரைக்காற்று. மின்சாரச் செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. முப்பது வாட் விசிறி நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு நாலு யூனிட்டைத் தாண்டாது. அரசாங்கம் இலவசமாக விடும் யூனிட்டுகளில் அது ஒரு மூலை.

கடலோரத்தில் வசிப்பவர்கள் விசிறியின் உடம்பையும் பார்த்தே வாங்க வேண்டும். உப்புக் காற்றில் இரும்புச் சட்டமும் இரும்பு ஜாலியும் இரண்டு மழைக்காலம் தாங்குவது அரிது. உடலும் இறக்கையும் பிளாஸ்டிக்காக இருப்பதும், மோட்டார் மூடப்பட்டு, பால் பேரிங்கோடு இருப்பதும் நலம். எந்தத் திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்பதற்கு அடையாளமான ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறி இருக்கிறதா என்று பெட்டியில் தேட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், விசிறிக்கு முன்னால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். சத்தம் குறைவாக இருப்பதும் அலங்காரக் குணம் அன்று: இரைச்சலிடும் விசிறியை வீட்டார் அணைத்துவிடுவார்கள்.

உப்பின் தீமை விசிறியோடு நிற்பதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியவுடன் தானே நீரை ஈர்த்துக் கரைந்துவிடும் சுபாவமுள்ளது. உவர்ப்பான போர் தண்ணீரில் குழைத்த பூச்சும், நாள்தோறும் அதே தண்ணீர் தெறிக்கும் சுவரும் உப்பை உள்ளே வைத்திருக்கின்றன. வெளிக்காற்றே 75 சதவீதத்தைச் சுற்றி ஊசலாடும் ஊரில், அத்தகைய சுவர் விசிறி ஓடினாலும் ஓதம் அடித்துக்கொண்டே இருக்கும். சுவரில் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூப்பது பூஞ்சணம் அன்று, உப்பு. ஈரத் துணியால் துடைத்தால் கரைந்துவிடுவதிலிருந்து அதைக் கண்டுகொள்ளலாம். அதற்கு மருந்து கொத்துவேலைக்காரரிடம் இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் அன்று. மேல் வீட்டுக் குளியலறையின் சங்கன் ஸ்லாபில் தேங்கிய நீர் கூரையில் கசிவதற்கும் இதே பதில்தான். கசிவா, காற்றின் ஈரமா என்ற சந்தேகம் தீர, ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும்: தாளின் உட்புறத்தில் நீர் கோத்திருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக்காற்றிலிருந்து.

ஏ.சி. பொருத்திய படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்குத் தனியான ஒரு வியாதி உண்டு. அங்கே கறுப்புப் புள்ளிகள் தண்ணீர் தெறிக்கும் சுவரை விட்டுவிட்டு, எப்போதும் உலர்ந்தே தோன்றும் ஒரு சுவரில், அதாவது படுக்கையறையோடு பொதுவாக உள்ள சுவரில், தோன்றுவதைக் கண்டு வீட்டார் மயங்குகிறார்கள். நாலரை இஞ்சுச் செங்கல் சுவரின் ஒரு பக்கம் 24 டிகிரியில் இரவு முழுவதும் இருந்தால், குளியலறைப் பக்கத்து மேற்பரப்பு 27 டிகிரி அளவில் குளிர்ந்திருக்கும். குளியலறைக் காற்று 29 டிகிரியும் 80 சதவீதமுமாக இருந்தால் அதில் 23 கிராம் நீராவி உண்டு. 27 டிகிரியில் காற்று கொள்ளக்கூடியது 26 கிராமுக்கும் குறைவு. ஆக அந்தச் சுவர்த் தோலில் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டிவிடுகிறது. ஒரு துளி நீரும் கண்ணுக்குத் தெரியாமலே பூஞ்சணத்துக்கு வேண்டியதற்கு மேல் கிடைத்துவிடுகிறது. இதற்காக இரவெல்லாம் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுவது தவறு, அது ஏ.சி. உலர்த்திய காற்றை மணிக்கு நூறு கன மீட்டர் வீதம் வெளியே எறிந்து, ஜன்னல் இடுக்குகள் வழியாகக் கடற்காற்றை வீட்டுக்குள் வரவழைக்கும். அந்தக் காற்று கொண்டுவரும் மணிக்கு ஒரு கிலோ அளவான நீராவியை நீராக்கவே, ஒரு டன் யந்திரத்தின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். படுக்கும் முன் தரையைத் தள்ளி, கதவைச் சாத்தி, விசிறியை அணைத்து வைத்து, காலையில் ஏ.சி. நின்றபின் விசிறியைப் போடுவதே முறை. ஏ.சி.யை 24-க்குப் பதில் 26-இல் வைத்தால் சுவரும் அவ்வளவு குளிராது.

வெளியே அனுப்பும் காற்றுக்கு ஈடாக விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது என்ற அதே நியதியால், மணலிப் பக்கத்து ஆலைகளிலிருந்து நெடி வீசும் இரவுகளிலும் விசிறி அணைந்தே இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலுக்குள் சென்ற அம்மோனியாக் குழாய் கசிந்தபோது, ஜன்னல்களைச் சாத்திக்கொண்ட வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியிருந்தால், அது ஒவ்வோர் இடுக்கின் வழியாகவும் அந்த வாயுவை உள்ளே இழுத்திருக்கும்.

ஏற்கெனவே பூத்துவிட்ட பூஞ்சணத்தை நீக்காமல் புது விசிறி மாட்டுவதில் அர்த்தமில்லை. சோப்புத் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, வேண்டுமானால் நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தடவலாம். அதே நாளில் டைல்ஸுக்கு ஆசிட் ஊற்றும் வழக்கமுள்ளவர்கள் இரண்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது; சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அதுவும் மூடிய சிறிய அறையில். மாட்டிய பின், எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் தூசியும் சோப்பு ஆவியோடு சேர்ந்து இறக்கைகளில் பிசினாகப் படிவதால், புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு ஜாலியைக் கழற்றித் துடைக்க வேண்டும். விழுந்து மூடும் பட்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் தாராளமாக ஆடுகின்றனவா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்காரர்கள் சுவரை வெட்ட வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை: வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளில் மேலே உள்ளவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, ஆறு இஞ்சு விசிறியைப் பலகையில் பொருத்தி, மிச்ச இடைவெளிகளை அடைத்து, காலி செய்யும்போது பட்டைகளைத் திரும்பச் சொருகிவிட்டு விசிறியைக் கையோடு எடுத்துப் போகலாம்.